வடதுருவப் பக்கம் கப்பலில் போய் வந்தவர்கள் உண்டா? பட்டதைச் சொல்லுங்கள்

அடுத்த வருடம் நானும் கணவரும் ஆர்க்டிக் பக்கம் கப்பலில் போகலாம் என்று ஒரு நினைப்பு. இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. அவருக்கு முட்டி வலி வேறு. கைக்குக் கிடைத்த விளம்பரத் தாள் எல்லாவற்றிலும் கப்பலை உரசிக்கொண்டு பனிக்கரடி நிற்கிறது, மேலே வானம் பச்சையாக ஜொலிக்கிறது. நிஜத்தில் எப்படி? எந்த மாதம், எவ்வளவு பெரிய கப்பல், எங்கே ஏமாறுவோம்? போய் வந்தவர்கள் சொன்னால் உபகாரமாக இருக்கும்.

*

அக்கா, நாங்கள் போனது ஸ்வால்பார்ட், போன ஜூலையில். நார்வேக்கும் வடதுருவத்துக்கும் இடையில் இருக்கிற தீவுக்கூட்டம்.

கரடிக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். மூன்றாம் நாள் விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். விடியற்காலை என்பது கடிகாரக் கணக்குக்குத்தான். அங்கே ஏப்ரல் 20 வாக்கில் மேலே ஏறுகிற சூரியன் ஆகஸ்ட் 22 வாக்கில்தான் மறுபடி அடிவானத்துக்குக் கீழே போகிறது. தூங்கின உடுப்பின் மேலேயே கோட்டை மாட்டிக்கொண்டு எல்லோரும் டெக்குக்கு ஓடினோம். ஆளாளுக்கு "அதோ, அதோ" என்கிறார்கள், என் கண்ணுக்கு மட்டும் ஒன்றும் படவில்லை. வழிகாட்டிப் பெண் என் தோளைப் பிடித்துத் திருப்பி, "வெள்ளையாகத் தேடாதீர்கள், மஞ்சளாகத் தேடுங்கள்" என்றாள். உடனே கிடைத்துவிட்டது. பனிதான் வெள்ளை, கரடி பழைய வெண்ணெய் நிறம். பைனாகுலரில் பார்த்தேன். மூக்கைத் தூக்கி எங்கள் பக்கம் மோப்பம் பிடித்தது. தண்ணீரில் இறங்கி அடுத்த பனித்தட்டில் ஏறி, தெரு நாய் மாதிரி உடம்பை ஒரு உதறு உதறியது. தெறித்த துளிகூடத் தெரிந்தது. என் போனில் எடுத்த படத்திலோ ஒரு அரிசி, அவ்வளவுதான்.

2025 ஜனவரியிலிருந்து அங்கே சட்டமே அப்படி. கரடிக்கு 300 மீட்டர் தள்ளித்தான் நிற்க வேண்டும். மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டர். தெரியாமல் நெருங்கிவிட்டாலும் பின்வாங்கியே ஆக வேண்டும். நீங்கள் பார்த்த விளம்பரப் படங்களில் பல அதற்கு முன்னால் எடுத்தவையாக இருக்கும். ஆகவே ஆளுக்கு ஒரு பைனாகுலர் வாங்குங்கள். இருவருக்கும் சேர்த்து ஒன்று போதும் என்று நினைத்து நானும் மனைவியும் பட்ட சண்டை எங்களோடு போகட்டும்.

கப்பல் அளவையும் அதே சட்டம் தொடுகிறது. தீவுகளின் பெரும்பகுதி பாதுகாக்கப்பட்ட பகுதி. 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பலுக்கு அங்கே நுழைய அனுமதி இல்லை. இறங்கவும் குறித்துக் கொடுத்த இடங்கள் மட்டும்தான். ஆயிரக்கணக்கில் ஆள் ஏற்றுகிற கப்பல்காரர்களும் "ஸ்வால்பார்ட்" என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். அது லாங்இயர்பைன் ஊரில் சில மணி நேரம் நிற்பதாகத்தான் இருக்கும். சின்னக் கப்பலுக்குக் காசு கூடத்தான், கூசாமல் சொல்கிறேன். ஆனால் பனியாற்றின் முன்னால் ரப்பர் படகில் எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது, சுற்றி மிதந்த பனிக்கட்டிகள் பொரிகடலை வறுக்கிற மாதிரி படபடவென்று பொரிந்தன. உள்ளே அடைபட்ட பழைய காற்று வெளியேறுகிற சத்தமாம். பெரிய கப்பலின் பத்தாவது மாடியில் அது காதில் விழாது.

முட்டி வலிக்கு: கப்பலின் பக்கவாட்டு ஏணியில் இறங்கி அந்த ரப்பர் படகில் கால் வைக்க வேண்டும். உள்ளங்கையைப் பிடிக்க மாட்டார்கள். நீங்கள் அவர்கள் முன்கையைப் பிடிக்க வேண்டும், அவர்கள் உங்கள் முன்கையைப் பிடிப்பார்கள். ஈரக் கையுறை வழுக்கினாலும் பிடி நழுவாது. கரையில் படகின் விளிம்பில் உட்கார்ந்து காலைச் சுழற்றி முட்டளவு தண்ணீரில் இறங்க வேண்டியிருக்கும். இப்போதே பழகச் சொல்லுங்கள்.

*

தம்பி விசாவை விட்டுவிட்டார். நாங்கள் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

ஸ்வால்பார்ட் நார்வேயின் ஆட்சியில் இருக்கிறது, ஆனால் பல ஐரோப்பிய நாடுகள் ஒரே விசாவுக்குள் சேர்ந்திருக்கிற செங்கன் எல்லைக்கு வெளியே. அங்கே இறங்க விசாவே வேண்டாம். போகிற வழிதான் சிக்கல். ஆஸ்லோவில் இறங்கும்போது செங்கனுக்குள் ஒரு முறை நுழைகிறீர்கள், லாங்இயர்பைனுக்கு விமானம் ஏறும்போது வெளியேறிவிடுகிறீர்கள், திரும்பி வரும்போது இரண்டாம் முறை நுழைகிறீர்கள். செங்கன் விசா தேவைப்படுகிற பாஸ்போர்ட் என்றால் குறைந்தது இரு முறை நுழையும் விசா வேண்டும். எங்கள் ஏஜென்ட் ஒரு முறைக்குப் போட்டு வாங்கிக் கொடுத்திருந்தார். அகஸ்மாத்தாக விசாவில் இருந்த "01" என்ற எண்ணைப் பார்த்து இது என்ன என்று கேட்டவள் என் மகள். மறுபடி விண்ணப்பம், மறுபடி கட்டணம், பயணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போதுதான் கைக்கு வந்தது. அதுவரை வீட்டில் யாரும் யாரிடமும் நேராகப் பேசவில்லை.

அதோடு முடிந்ததா? கணவரின் பெட்டி வழியில் தங்கிவிட்டது. கப்பல் மாலையே கிளம்பியது. அடுத்த விமானத்தில் பெட்டி வந்து சேர்ந்தபோது நாங்கள் வடக்கு அட்சரேகை 80 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தோம். கோட்டும் ரப்பர் பூட்ஸும் கப்பலில் கொடுத்தார்கள். உள்ளே போடுகிற கம்பளி யாரும் இரவல் தர முடியாத சமாச்சாரம். எட்டு நாளும் இரவில் துவைத்து ஹீட்டர் மேல் காயப்போட்டார். ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேருங்கள். மருந்து, உள்கம்பளி ஒரு செட், நீர் புகாத பேன்ட் மூன்றும் கையோடு வரட்டும்.

*

கேபின்: கீழ்த்தளம், கப்பலின் நடுப்பகுதி. ஆட்டம் குறைவு, விலையும் குறைவு. பால்கனி வாங்கிவிட்டு நான் அதில் நின்ற மொத்த நேரம் இருபது நிமிடம் இருக்கும். திறந்த கடலுக்கு வந்தபின் மாத்திரை போட்டுப் பிரயோஜனமில்லை, முன்னாடியே போடணும்.

*

எல்லோரும் கரடியைச் சொல்கிறீர்கள். என்னை அடித்தது ஒரு பறவை.

ஸ்வால்பார்டில் நீ-ஆலசுண்ட் என்று ஆராய்ச்சியாளர்களும் அவர்களுக்கு உதவும் ஊழியர்களும் மட்டும் வசிக்கிற குட்டி ஊர், கிட்டத்தட்ட 79 டிகிரி வடக்கில். அங்குள்ள கருவிகள் நுண்ணிய ரேடியோ அலைகளைக் கேட்டுக்கொண்டிருப்பதால், கப்பல் நெருங்கும்போதே வைஃபையும் புளூடூத்தும் அணைக்கச் சொன்னார்கள். என் கைக்கடிகாரத்தை மறந்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். 2008 முதல் இயங்கும் இந்தியாவின் ஹிமாத்ரி நிலையம் இங்கேதான். சீன நிலையத்தின் வாசலில் நான் போனபோது இரண்டு கல் சிங்கம் காவல் காத்தது. 1926-ல் நார்வேயின் துருவப் பயணி அமுண்ட்சென் குழு 'நோர்கே' வான்கப்பலில் துருவத்தைக் கடக்கக் கிளம்பியதும் இதே ஊரிலிருந்துதான். அதைக் கட்டிவைத்த இரும்புக் கம்பம் இன்னும் நிற்கிறது.

அந்தக் கம்பத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் மண்டையில் நறுக்கென்று ஒரு கொத்து. ஆர்க்டிக் ஆலா. குஞ்சு பக்கத்தில் இருந்திருக்கிறது. உடம்பில் எது உயரமோ அதைத்தான் அது குறிவைக்குமாம். வழிகாட்டி தன் ஊன்றுகோலைத் தலைக்கு மேல் நீட்டினார், அடுத்த கொத்து கோலுக்குப் போனது. உங்கள் கணவருக்கு எப்படியும் ஊன்றுகோல் வேண்டியிருக்கும். இரண்டு வேலைக்கு ஆச்சு.

*

அம்மா, பச்சை வானமும் வேண்டும், நடுராத்திரிச் சூரியனும் வேண்டும் என்றால் ஒரே பயணத்தில் நடக்காது. இருட்டு இல்லாமல் துருவ ஒளி தெரியாது. ஒளிதான் ஆசை என்றால் நார்வேக் கரையோரம் பெர்கனிலிருந்து கிர்கெனஸ் வரை போகிற கப்பலைப் பாருங்கள். 1893-ல் தபாலும் சரக்கும் ஏற்றத் தொடங்கிய தடம், 34 துறைகளில் நிற்கும். நாங்கள் பிப்ரவரியில் போனோம். துறையில் நேராக நடந்தே இறங்கலாம், முட்டிக்குத் தொந்தரவில்லை. ஒளி இரண்டு இரவு வந்தது. கண்ணுக்குச் சாம்பல் புகை மாதிரிதான் முதலில் தெரியும், கேமராதான் பச்சையாகக் காட்டும். இரண்டாம் இரவு கண்ணுக்கே பச்சையாக ஆடியது. பனிக்கரடிக்கு அந்தப் பக்கம் வேலையே இல்லை.

*

கிழக்கு கிரீன்லாந்து போகும் எண்ணம் இருந்தால் ஒரு வார்த்தை. ஸ்கோர்ஸ்பிசுண்ட் ஃபியோர்டுக்கு (மலைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நீளமாகப் புகுந்த கடல்) பணம் கட்டிப் போனோம், வாயிலில் பனி அடைத்திருந்தது. ஒன்றரை நாள் காத்திருந்து கேப்டன் திருப்பிவிட்டார். பணம் திரும்ப வராது, ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறார்கள். எனக்குக் கோபம்தான், ஆனால் கேப்டன் மேல் இல்லை. 2023 செப்டம்பரில் அதற்கும் வடக்கே ஆல்பெஃபியோர்டில் 206 பேருடன் ஒரு கப்பல் தரைதட்டி, உதவி வந்து மீட்க மூன்று நாள் ஆனது. காப்பீடு எடுக்கும்போது அவசர மருத்துவ விமானச் செலவு எவ்வளவு வரை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முட்டி பழைய வியாதி என்று கழித்துவிடப் போகிறார்கள், அதையும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

*

எல்லோருக்கும் நன்றி. ஜூலை, ஸ்வால்பார்ட், சின்னக் கப்பல், கீழ்த்தளம் என்று முடிவு செய்துவிட்டோம். துருவ ஒளி இன்னொரு பிப்ரவரிக்கு. இரண்டு பைனாகுலருக்குச் சொல்லியாகிவிட்டது. அவர் நேற்றிலிருந்து சோபாவை விட்டு எழும்போதெல்லாம் என் முன்கையைப் பிடித்துத்தான் எழுகிறார். விடவும் மாட்டேன் என்கிறார்.