தூக்கம் வந்தால் எழுப்பும் கண்ணாடி: முதலீட்டாளர் கூட்டத்தில் எதைக் காட்டுவது?

மின்வயர் (கோவை) கேட்டது:

நானும் கல்லூரி நண்பன் ஒருவனும் சேர்ந்து ஒரு கண்ணாடி செய்திருக்கிறோம். இரவில் லாரி ஓட்டுபவருக்குக் கண் சொருகினால் காதுக்குப் பின்னால் அதிரும். காதில் மாட்டும் கண்ணாடிக் காலின் உள்பக்கம் சின்ன அகச்சிவப்பு எல்.இ.டி., பக்கத்திலேயே ஒரு சென்சார். இமை மூடும்போது திரும்பி வரும் ஒளியின் அளவு மாறும். எவ்வளவு நேரம் மூடியிருக்கிறது என்று கணக்குப் போட்டு அதிர வைக்கிறோம். மேசையில் நன்றாகவே வேலை செய்கிறது.

அடுத்த மாதம் ஏஞ்சல் முதலீட்டாளர்கள் (புதுக் கம்பெனிகளில் சொந்தப் பணம் போடுபவர்கள்) கூட்டத்தில் எங்களுக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். 40 லட்சம் கேட்டு 10 சதவீதம் பங்கு தருவதாக யோசனை. ஒத்திகை பார்த்த சீனியர், "டேஷ்போர்டில் ஒரு கேமரா வைத்தால் போதுமே, கண்ணாடி எதற்கு?" என்கிறார். இதற்கு என்ன சொல்வது? இன்னொன்று, பேட்டன்ட் இன்னும் போடவில்லை. யோசனையை வெளியே சொல்ல மாட்டோம் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிட்டுக் காட்டலாமா?

படிவம்1 எழுதியது:

கையெழுத்து கேட்காதீர்கள். மாதத்துக்குப் பத்துப் பேர் யோசனையைக் கேட்கிறவர்கள் யாருக்கும் அப்படிப் போட்டுத் தர மாட்டார்கள். அதற்குப் பதில் கூட்டத்துக்கு முன்பே பேட்டன்டுக்குத் தற்காலிக விண்ணப்பம் ஒன்றை ஆன்லைனில் போட்டுவிடுங்கள். தனிநபருக்கும் ஸ்டார்ட்அப்புக்கும் கட்டணம் 1,600 ரூபாய்தான். முழு விண்ணப்பம் போட 12 மாதம் கிடைக்கும். மேடையில் காட்டிவிட்டுப் பிறகு போடலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள், ஏற்கெனவே வெளியே காட்டியாயிற்று, புதுமை போய்விட்டது என்று பேட்டன்ட் தர மாட்டார்கள்.

ஆனால் உங்கள் அடிப்படை யோசனைக்குப் பேட்டன்ட் கிடைக்காது. ஆஸ்திரேலியாவில் ஆப்டலெர்ட் என்ற நிறுவனம் அகச்சிவப்பு ஒளியால் இமை அசையும் வேகத்தை அளக்கும் கண்ணாடியைச் சுரங்க லாரி ஓட்டுநர்களுக்கு எப்போதோ கொடுத்துவிட்டது. ஆரம்பித்தவர் மரே ஜான்ஸ், பகலில் எவ்வளவு தூக்கம் வருகிறது என்று கேள்விகளால் அளக்கும் எப்வொர்த் தூக்க அளவுகோலை 1991இல் உருவாக்கிய அதே மருத்துவர். ஜப்பானில் ஜின்ஸ் என்ற கண்ணாடிக் கம்பெனி 2015இல் மூக்குத் தாங்கியில் மின்முனை வைத்துக் கண் சிமிட்டலைப் படித்தது. இவர்கள் பெயரை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். முதலீட்டாளர் போனில் தேடிக் கண்டுபிடித்தால் அதோடு பத்து நிமிடமும் முடிந்தது.

பங்கு கொடுப்பதற்கு முன் மத்திய அரசின் ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதியையும் பாருங்கள். 2021இல் தொடங்கியபோது முன்மாதிரி செய்ய 20 லட்சம் வரை மானியம் என்றார்கள், கம்பெனி பதிவாகி இரண்டு வருடம் தாண்டியிருக்கக் கூடாது என்றும் விதி. இப்போதும் விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சேலம் கண்ணாடிக்கடை எழுதியது:

தம்பி, பேட்டன்ட் சமாச்சாரம் எனக்குத் தெரியாது. பைபாஸ் பக்கம் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன், லாரிக்காரர்கள் நிறைய வருவார்கள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

உங்கள் பதிவில் சென்சார் இருக்கிறது, அதிர்வு இருக்கிறது, லென்ஸ் என்ற சொல்லே இல்லை. நாற்பது தாண்டிய ஓட்டுநருக்கு வெள்ளெழுத்து இருக்கும், பலருக்குத் தூரப் பார்வையிலும் சிலிண்டர் பவர் (கருவிழி வளைவு சீராக இல்லாததற்குப் போடுவது) இருக்கும். பவர் இல்லாத கண்ணாடியை அவர் எதற்கு மாட்ட வேண்டும்? பவர் கண்ணாடி போட்டிருப்பவர் அதன் மேல் இன்னொன்றை எங்கே மாட்டுவார்? இந்த லட்சணத்தில் ரோட்டோரம் விற்கிற மஞ்சள் கண்ணாடியை வாங்கி இரவில் போட்டுக்கொள்கிறார்கள். அது எதிர் விளக்கின் கூச்சத்தைத் தீர்ப்பதில்லை, இருக்கிற வெளிச்சத்தையும் குறைக்கும். அது வேறு கதை.

எடைக்கு வருவோம். சாதாரண பவர் கண்ணாடி 25, 30 கிராம் இருக்கும். கேமரா வைத்த ரே-பான் மெட்டா ஸ்மார்ட் கண்ணாடி 50 கிராமை நெருங்குகிறது. பேட்டரியைக் காலின் பின்கோடியில் வைத்தால் காது தாங்கிக்கொள்ளும். முன்னால் வைத்தால் மூக்கில் இறங்கும். இன்ஜின் சூடும் வியர்வையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். நாலைந்து மில்லிமீட்டர் சரிந்தால் உங்கள் சென்சார் இமையை விட்டுவிட்டுக் கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். மேசையில் வேலை செய்வது பெரிதில்லை, விடிகாலை மூன்று மணிக்கு எண்ணெய் வடிகிற மூக்கில் வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

கனடாவில் நார்த் என்ற கம்பெனி ஃபோக்கல்ஸ் என்று அழகான ஸ்மார்ட் கண்ணாடி செய்தது. ஒவ்வொருவர் முகத்தையும் அளந்து செய்ய வேண்டியிருந்ததால் டொரண்டோவிலும் புரூக்ளினிலும் கடை திறந்து வரச் சொன்னார்கள். 999 டாலர் விலையை 2019இல் 599க்கு இறக்கினார்கள். அடுத்த வருடமே கூகிள் வாங்கிக்கொண்டது, ஃபோக்கல்ஸ் நின்றுபோனது. என் பார்வையில் அவர்களுக்கு இடித்த இடம் ஃபிட்டிங். உங்களுக்கும் அங்கேதான் இடிக்கும்.

அதனால் முழுக் கண்ணாடியை விட்டுவிடுங்கள். எந்த ஃபிரேமின் காலிலும் மாட்டுகிற மாதிரி ஒரு சின்னத் துண்டாகச் செய்யுங்கள். பார்வையற்றோருக்கான ஆர்காம் மைஐ என்ற கருவி அப்படித்தான் காந்தத்தில் ஒட்டிக்கொள்கிறது, 22 கிராம் சொச்சம். அப்போது பவரை நான் பார்த்துக்கொள்வேன், விற்பதும் என்னைப் போன்ற கடைகள்தான். கேமராக் கேள்விக்கும் பதில் கிடைக்கிறது: கேமரா வண்டியோடு இருக்கும், இது ஓட்டுநரோடு போகும். வண்டி மாறினாலும் அவர் கண்ணாடி அவரோடுதானே?

பழையலேலண்ட் எழுதியது:

நாலு வண்டி வைத்திருக்கிறேன். கடைக்கார அண்ணன் சொன்னது சரி, ஆனால் புது வண்டி வாங்குகிறவனிடம் இதை விற்க முடியாது. ஐரோப்பாவில் 2024 ஜூலையிலிருந்து எல்லாப் புது வண்டிக்கும் தூக்க எச்சரிக்கை கட்டாயம். இங்கேயும் ஒரு நாள் கம்பெனியே போட்டுத் தரும். உங்கள் சந்தை ஏற்கெனவே ஓடுகிற பழைய வண்டி. அதை ஒளிக்காமல் சொல்லுங்கள்.

காசு கொடுப்பது நான், மாட்டுவது ஓட்டுநர். வீணாக நாலு தடவை அதிர்ந்தால் கழற்றி டேஷ்போர்டில் வீசிவிடுவார். எப்போது தூங்கினார் என்று எனக்கு மெசேஜ் வரும் என்று தெரிந்தால் மாட்டவே மாட்டார். சில முதலாளிகள், "அதுதான் கண்ணாடி இருக்கே, ஓட்டு" என்றும் சொல்வார்கள். சட்டப்படி ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்று 1961லேயே எழுதி வைத்தாயிற்று, யார் பார்த்தது? முதலீட்டாளர் இதைக் கேட்காவிட்டாலும் ஓட்டுநர் கேட்பார். எப்போது தூங்கினார் என்ற கணக்கு கண்ணாடிக்குள்ளேயே அழியட்டும், எனக்கு வர வேண்டாம்.

மின்வயர் எழுதியது:

நன்றி அண்ணா. துண்டாகச் செய்தால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சென்சார் கோணம் மாறுமே, அதை என்ன செய்வது?

சேலம் கண்ணாடிக்கடை எழுதியது:

மாறும். கண்மணிக்குக் கண்மணி தூரம் அளக்கிற மாதிரி, மாட்டியதும் கண்ணைத் திறந்து மூடச் சொல்லி நான் கடையிலேயே ஒரு தடவை சரிசெய்து கொடுக்கிறேன். அதற்கு ஒரு சின்னத் திருகும் போனில் ஒரு திரையும் போதும். கூட்டத்தில் படம் ஓட்டிக்கொண்டிருக்காமல், கண்ணாடி போட்ட முதலீட்டாளர் ஒருவரைக் கூப்பிட்டு அவர் ஃபிரேமிலேயே மாட்டிக் காட்டுங்கள். அதற்கு முன் துண்டை எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள், தடித்த கால், கம்பிக் கால் எல்லாவற்றிலும் போட்டுப் பார்ப்போம். செவ்வாய் மட்டும் வேண்டாம், கடை லீவு.