மறு: லேபிள் தாள் அமைப்பில் வரும் ‘பிட்ச்’ – தமிழில் என்ன போடலாம்?

அனைவருக்கும் வணக்கம். லேபிள் அச்சிடும் மென்பொருளின் சொற்களைத் தமிழாக்கும் இந்த இழையில், ‘பிட்ச்’ (pitch) என்பதற்கு வந்த யோசனைகளுக்கு என் பதில் இது. ஒரு லேபிளின் தொடக்கத்திலிருந்து அடுத்த லேபிளின் தொடக்கம் வரை உள்ள தூரம்தான் பிட்ச்.

> ‘இடைவெளி’ என்றே போட்டுவிடலாம். எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். இழையில் மற்ற சொற்கள் ஏறக்குறைய முடிவாகிவிட்டன. இந்த ஒன்றில் மட்டும் அவசரப்பட வேண்டாம் என்பது என் கருத்து.

ஏவரி நிறுவனத்தின் எல்7160 லேபிள் தாளை எடுத்துக்கொள்வோம். ஏ4 தாளில் குறுக்கே 3, கீழே 7, ஆக 21 சிட்டைகள் (லேபிள்கள்). ஒவ்வொன்றும் 63.5 மி.மீ. அகலம், 38.1 மி.மீ. உயரம். பக்கவாட்டில் இரண்டு சிட்டைகளுக்கு நடுவே 2.5 மி.மீ. வெற்றிடம் இருக்கிறது. மேலும் கீழுமாக ஒன்றும் இல்லை, ஒட்டியே வெட்டியிருப்பார்கள். லிப்ரே ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளின் லேபிள் பெட்டியில் வடிவமைப்புத் தாவலைத் திறந்தால் அது கேட்பது இந்த 2.5 அல்ல. ஒரு சிட்டையின் இடது விளிம்பிலிருந்து அடுத்த சிட்டையின் இடது விளிம்பு வரை எவ்வளவு என்றுதான் கேட்கிறது. அதாவது 63.5 + 2.5 = 66. மேலிருந்து கீழாக 38.1.

அந்தக் கட்டத்தின் பக்கத்தில் ‘இடைவெளி’ என்று எழுதியிருந்தால் ஸ்கேலைத் தாள்மேல் வைத்து அளப்பவர் என்ன போடுவார்? 2.5. கீழே உள்ள கட்டத்தில் பூஜ்யம். அளவுப்படி பார்த்தால் 21 சிட்டைகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார வேண்டும்! அவரைக் குறை சொல்ல முடியாது, நாம் எழுதியதைத்தான் அவர் செய்திருக்கிறார். போதாக்குறைக்கு, உண்மையான வெற்றிடத்தைக் குறிக்கவும் நமக்கு ஒரு சொல் வேண்டும். வலைப்பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் மொழியில் கட்ட அமைப்புக்கு (grid) ‘gap’ என்று கொடுப்பது அந்த வெற்றிடத்தைத்தான். ‘இடைவெளி’ அங்கேயே இருக்கட்டும்.

> திருகாணிக்குப் ‘புரியிடைத் தூரம்’ இருக்கிறதே. அதே வழியில் ‘சிட்டையிடைத் தூரம்’?

முதலில் எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் திருகின் புரியை (அதைச் சுற்றிச் செல்லும் வரியை) நாம் ஒரு கோடாகத்தான் பார்க்கிறோம். கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையே என்றால் குழப்பம் வராது. சிட்டைக்கு அகலம் உண்டு. ‘இடை’ என்று சொன்னதுமே கண் நடுவில் உள்ள வெற்றிடத்துக்குப் போய்விடும். சுற்றி வந்து அதே பள்ளத்தில் விழுவோம்.

> ஓர் எட்டு வைத்தால் அடுத்த சிட்டை. ‘எட்டு’ என்றே வைக்கலாமே?

அழகான யோசனைதான், ஆனால் திரையில் ‘கிடை எட்டு: 66’ என்று வந்தால்? நடையோடு தொடர்புள்ள சொற்களையெல்லாம் தமிழில் அளவும் எண்ணும் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டன. அடி ஓர் அளவு, கால் ஒரு பின்னம், எட்டு ஓர் எண். பாவம், நமக்கு ஒன்றும் மிச்சமில்லை.

‘பெயர்வு’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அதை வேறொன்றுக்காக எடுத்துவைக்கச் சொல்வேன். அச்சுப்பொறி தாளை ஒரு மில்லிமீட்டர் தள்ளி இழுத்தால் மொத்த அச்சையும் எதிர்த்திசையில் நகர்த்தித் திருத்துகிறோம் இல்லையா? ‘அச்சுப் பெயர்வு’ அதற்குக் கச்சிதமாகப் பொருந்தும்.

என் முன்மொழிவு: மீள்தூரம். எவ்வளவு தூரத்துக்கு ஒரு முறை அதே வடிவம் மீண்டும் வருகிறதோ, அந்தத் தூரம். சிட்டையின் அகலமும் வெற்றிடமும் இரண்டுமே அதற்குள் அடங்கிவிடுகின்றன. வட்டச் சிட்டைக்கும் பொருந்தும். விளிம்பிலிருந்து அளந்தாலும் மையத்திலிருந்து அளந்தாலும் மீள்தூரம் ஒன்றுதான். ஜிலேபிள்ஸ் என்ற லேபிள் மென்பொருளின் கோப்பில் இதே அளவு டிஎக்ஸ் (dx, குறுக்கே), டிஒய் (dy, கீழே) என்று வருகிறது. அங்கும் இடைமுகத்தில் இதே சொல்லைப் போடலாம்.

‘மீள்தன்மை’ நினைவுக்கு வந்து ரப்பர்போல இழுபடுமோ என்று தோன்றலாம் என ஒரு ஆட்சேபம் வரும் என்று எதிர்பார்க்கிறேன். மீள்பதிவு, மீள்பயன்பாடு என்றெல்லாம் புழங்கிவிட்ட பிறகு அந்தக் குழப்பம் பெரிதாக இருக்காது.

கலைச்சொல்லைத் தனியாக நிறுத்திப் பார்ப்பதைவிட உதவிப் பக்கத்தில் ஒரு வாக்கியத்தில் போட்டுப் பார்ப்பது நல்லது. நான் எழுதிப் பார்த்தது இது:

“எல்லாச் சிட்டைகளும் ஒரே அளவு தள்ளி அச்சானால் ஓரத்தைத் திருத்துங்கள். முதல் வரிசை சரியாக இருந்து கீழே போகப் போக விலகல் கூடினால் மீள்தூரத்தைத் திருத்துங்கள்.”

38.1 என்பதை 38 என்று சுருக்கிப் போட்டால் முதல் வரிசையில் ஒன்றும் தெரியாது. ஏழாவது வரிசைக்குள் ஆறு முறை 0.1 சேர்ந்து 0.6 மி.மீ. மேலேறியிருக்கும். இதைச் சொல்லும்போது ‘மீள்தூரம்’ தானாகவே பொருள் தருகிறது. ஒவ்வொரு மீளலிலும் பிழை சேருகிறது. அச்சிடும் பெட்டியில் ‘தாளுக்குப் பொருத்து’ தேர்வாகியிருந்தாலும் இதே அறிகுறிதான். 97 விழுக்காடாகச் சுருங்கினால் முதல் வரிசைக்கும் ஏழாவதற்கும் இடையே கிட்டத்தட்ட 6.9 மி.மீ. குறைந்துவிடும். ஆகவே அந்த வாக்கியத்துக்கு முன்னால் “உருவளவு 100 விழுக்காடா என்று முதலில் பாருங்கள். வெறுந்தாளில் அச்சிட்டு, சிட்டைத் தாளோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்” என்று ஒரு வரி சேர்த்துவிடலாம். நல்ல தாள் வீணாகாது.

மற்றவை சுருக்கமாக. லேபிளுக்குச் ‘சிட்டை’ எனக்குச் சம்மதம். ‘ஒட்டுச்சீட்டு’ சொன்னவர்களுக்கு ஒரு வார்த்தை: நூல் கட்டித் தொங்கவிடுகிற சிட்டையும் இதே மென்பொருளில்தான் தயாராகிறது.

‘வார்ப்புரு’ (template) விஷயத்தில் மட்டும் ஒரு திருத்தம். இப்போது இரண்டு பொருளுக்கு அந்த ஒரே சொல்லைப் போட்டிருக்கிறோம். தாளில் எத்தனை சிட்டை, எங்கே தொடங்குகிறது, மீள்தூரம் என்ன என்பது ஒன்று. ஒரு சிட்டைக்குள் பெயர், முகவரி, பட்டைக்குறி எங்கே வரும் என்பது இன்னொன்று. முதலாவதைத் ‘தாளமைவு’ என்று பிரித்துவிட்டால், அதே வார்ப்புருவை எல்7160-இலிருந்து 30 சிட்டை கொண்ட ஏவரி 5160 தாளுக்கு மாற்றுகிறவர் எதை மாற்ற வேண்டும் என்று தேடிக்கொண்டிருக்க மாட்டார். 5160 என்பது அமெரிக்க லெட்டர் அளவுத் தாள், மீள்தூரம் குறுக்கே 2.75 அங்குலம், கீழே 1 அங்குலம். தாளமைவை மட்டும் மாற்றிவிட்டு, சிட்டைக்குள் எழுத்து அடங்குகிறதா என்று ஒருமுறை பார்த்தால் போதும்.

இன்னும் முடிவாகாதது முன்னொட்டு. ‘கிடை மீள்தூரம்’ சரி. அதற்கு இணையாகக் ‘குத்து மீள்தூரம்’ என்றால் யாரோ அடிக்க வருவதுபோல இருக்கிறது. ‘நெடு மீள்தூரம்’ என்றால் நீண்ட தூரம் என்று படித்துவிடுவார்கள். ‘குறுக்கு மீள்தூரம்’, ‘கீழ்நோக்கு மீள்தூரம்’ என்று வைத்தால் கட்டத்துக்குள் அடங்குமா? இடைமுகத்தைச் சோதிப்பவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். அடங்காவிட்டால் ‘செங்குத்து’ என்று முழுதாகவே போட்டுவிடுவோம்.