கைம்மாறு எந்த இடத்தில் குற்றமாகிறது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தொடக்கப் பதிவு

9 ஆண்டுகள் கொள்முதல் பிரிவில் வேலை பார்த்தேன். எங்களுக்கு உதிரி பாகம் தரும் ஒருவர் பேச்சுவாக்கில் என் மகளின் படிப்பைப் பற்றி விசாரித்தார். அடுத்த வாரமே தனக்குத் தெரிந்த நிறுவனத்தில் அவளுக்குப் பயிற்சி இடம் வாங்கிக் கொடுத்தார். "நம்ம பொண்ணு மாதிரி சார், இதுக்கெல்லாம் எதுவும் வேண்டாம்" என்றார். மனசு நிறைந்துபோனது. ஒன்றரை மாதம் கழித்து, விலைப்புள்ளிகள் என் மேசைக்கு வந்த அன்று அவரிடமிருந்து போன். "நம்மளையும் கொஞ்சம் பார்த்துக்கோங்க சார்."

அவ்வளவுதான். பயிற்சி இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனாலும் எதற்கு எது விலை என்று புரிந்துவிட்டது. அன்று மாலையே நடந்ததை மேலாளருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு விலை ஒப்பீட்டிலிருந்து விலகிக்கொண்டேன். மகளையும் அங்கிருந்து நிறுத்தினேன். ஒரு தப்பும் செய்யாத அவள் அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது.

எழுதிக் கொடுத்தது சரி. ஆனால் அவருடைய விலைப்புள்ளி என்னிடம்தான் வரும் என்று தெரிந்தே அந்த உதவியை வாங்கிக்கொண்டேனே, என் தவறு அங்கேயே தொடங்கிவிட்டது. உங்களுக்கு இப்படி நேர்ந்ததுண்டா?

மறுமொழி 1

ஐயா, எனக்கு நடந்தது வேறு மாதிரி. பணி நிரந்தரப் பட்டியல் தயாரான சமயம் அது. "பட்டியல் என் கையிலதான் இருக்கு, நீயும் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்" என்றார் என் மேலதிகாரி. இரவுச் சாப்பாட்டுக்கு அழைத்தார். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் இரண்டு முறை போனேன். மூன்றாவதாக, வெளியூருக்கு வரச் சொன்னார். மறுத்தேன். பட்டியலில் என் பெயர் இல்லை.

பெயர் விடுபட்டதைவிட, 'நீதானே போனாய்' என்று கேட்பார்களே என்ற எண்ணம்தான் என்னை வாய் திறக்கவிடவில்லை. 11 வாரம் அப்படியே கிடந்தேன். பிறகு ஒரு வழக்கறிஞர் அக்கா எடுத்துச் சொன்னார். 1986-இல் மெரிட்டர் சேமிப்பு வங்கி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதே கேள்வியை எடுத்துக்கொண்டதாம். வழக்குப் போட்ட பெண் தானாக உடன்பட்டார் என்று சொல்லி அதிகாரி தப்ப முடியாது, அந்த நெருக்கம் அந்தப் பெண்ணுக்கு வேண்டாததாக இருந்ததா என்றுதான் பார்க்க வேண்டும் என்றது. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் இந்தியாவின் 2013 சட்டமும், பாலியல் நடத்தையோடு சேர்த்து வேலையில் சலுகை தருவதாக ஆசை காட்டுவதையும் கெடுத்துவிடுவேன் என்று மிரட்டுவதையும் துன்புறுத்தலில் சேர்க்கிறது. மறைமுகமாகச் சொன்னாலும் அப்படித்தான். புகார் கொடுக்க 3 மாதம். தகுந்த காரணம் இருந்தால் புகாரை விசாரிக்கும் குழு இன்னும் 3 மாதம் வரை நீட்டலாம்.

நான் குறுஞ்செய்திகளை அழிக்காமல் வைத்திருந்தேன். தயவுசெய்து நீங்களும் அழித்துவிடாதீர்கள். விசாரணை முடிந்து அவரை அந்தப் பொறுப்பிலிருந்து எடுத்தார்கள். அடுத்த பட்டியலில் என் பெயர் வந்தது.

மறுமொழி 2

ஒரு மக்கள் பிரதிநிதியிடம் உதவியாளராக இருந்தேன். உன் தீர்மானத்துக்கு நான் கை தூக்குகிறேன், என்னுடையதற்கு நீ தூக்கு என்ற பேச்சு அங்கே தினமும் நடக்கும். அதுவே லஞ்சம் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அமெரிக்காவின் இல்லினாய் மாநில ஆளுநராக இருந்த ராட் பிளகோயெவிச், ஒபாமா காலி செய்த, ஆளுநரே ஆள் நியமிக்க வேண்டிய செனட் இடத்தை வைத்துப் பேரம் பேசியதாக 2008-இல் கைதாகி, 2011-இல் 14 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். அந்தப் பேரம் படியவே இல்லை, கேட்டதற்கே தண்டனை. 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 5 குற்றச்சாட்டுகளில் மட்டும் தீர்ப்பை நீக்கியது. அந்த இடத்துக்குப் பதிலாக அரசுப் பதவி கேட்பது அரசியல் கொடுக்கல் வாங்கல், நிதியும் தனியார் வேலையும் கேட்பது அப்படியல்ல என்று பிரித்துச் சொன்னது. (2020-இல் தண்டனை குறைக்கப்பட்டு அவர் வெளியே வந்தது தனிக் கதை.)

இந்தியாவில், பணம் வாங்கிக்கொண்டு அவையில் வாக்களித்த உறுப்பினருக்கும் உச்ச நீதிமன்றத்தின் 1998 தீர்ப்பின்படி பாதுகாப்பு இருந்தது. 2024 மார்ச்சில் 7 நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. சொன்னபடி வாக்களித்தாரா இல்லையா என்பது பொருட்டல்ல, வாங்கிய உடனே குற்றம் முழுமையாகிவிடுகிறது.

ஒருநாள் ஒப்பந்ததாரர் ஒருவர் கட்சி நிதி என்று உறையை நீட்டிவிட்டு, அதே மூச்சில் கோப்பு எப்போது நகரும் என்று கேட்டார். திருப்பிக் கொடுத்துவிட்டேன். இரண்டையும் வேறு வேறு நாளில் கேட்டிருந்தால் வாங்கி வைத்திருப்பேனோ என்று நினைக்கும்போது இன்றும் பயமாக இருக்கிறது.

மறுமொழி 3

நானும் நண்பனும் மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு ஷிப்ட் மாற்றிக்கொள்வோம். அதுவும் தப்பா அண்ணா?

தொடக்கப் பதிவர்

இல்லை தம்பி. அது உங்கள் இருவருடைய நேரம், ஒளிவுமறைவும் இல்லை. என்னிடம் கேட்கப்பட்டது என்னுடையது அல்ல, நிறுவனத்தின் முடிவு.

சகோதரி, 11 வாரம் தனியாகச் சுமந்திருக்கிறீர்கள். எழுதியதற்கு நன்றி.

உதவியாளராக இருந்த நண்பருக்கு: எனக்கு வேறு வேறு நாளில்தான் வந்தது. நான் வாங்கி வைத்திருந்தேன்.