டர்பன்டைன் இல்லாமல் ஆயில் பெயின்டிங் வரைய முடியுமா?

பென்னாகரத்தான்:
வணக்கம். கால்நடை மருத்துவரா வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சர்வீஸ் காலம் முழுக்க பகல்ல ஊசி, ஒழிஞ்ச நேரத்துல பிரஷ். ஆயில் கலர் மட்டும்தான். வரையறதும் பெரும்பாலும் மாடுதான், அதிலும் ஆலம்பாடி, எங்க தர்மபுரிப் பக்கத்து நாட்டு மாட்டினம்.

ஆயில் ஏன்னா, கன்று போட முடியாம பசு தவிக்குதுன்னு பாதி ராத்திரியில ஆள் வந்து நிப்பாங்க. பேலட்டை அப்படியே வெச்சுட்டுக் கிளம்பிடுவேன். மறுநாள் சாயங்காலம் வந்தாலும் கலர் ஈரமாவே இருக்கும், விட்ட இடத்துலயிருந்து தொடரலாம். என் வேலைக்கு வேற எந்தக் கலரும் ஒத்துவந்திருக்காது.

ஆலம்பாடிக் காளையைக் கருப்புன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. கிட்ட நின்னு பாருங்க. கழுத்தும் திமிலும் கருத்திருக்கும், விலாப் பக்கம் சாம்பலா வெளுத்து வரும், காலை வெயில் பட்டா அதுலயே லேசா நீலம் ஓடும். நான் கருப்பு ட்யூபைத் தொடறதே இல்ல. அல்ட்ராமரைன் நீலத்தோட பர்ன்ட் அம்பர்ங்கற அடர் பழுப்பு. ரெண்டு நிறமும் ஈரமா இருக்கும்போதே ஒண்ணோட ஒண்ணு இழைச்சாத்தான் அந்தத் தோல் வரும்.

இப்ப சிக்கல் என்னன்னா, பேத்திக்கு வீசிங். கலரை இளக்கற டர்பன்டைன் மூடியைத் திறந்தாலே இருமறா. "அக்ரிலிக்குக்கு மாறிடுங்கப்பா"ன்னு மகன் வாங்கியே குடுத்துட்டான். அதுக்குத் தண்ணியே போதும். ஆனா மொட்டைமாடி ஷெட்ல, இந்தச் சித்திரை வெயில்ல, பேலட்ல பிதுக்கி வெச்சுட்டுக் கண்ணாடியைத் துடைச்சு மாட்டறதுக்குள்ள ஆடை கட்டிடுது. வேற வழி உண்டா?

ஓசூர் டிராயிங் மாஸ்டர்:
டாக்டர் சார், டர்பன்டைனை மூட்டை கட்டிடுங்க. ஆயில் கலர் காயறதுக்கு அது தேவையே இல்ல. கலர்ல இருக்கற லின்சீட், அதாவது ஆளி விதை எண்ணெய், ஆவியாகிக் காயறதில்ல, காத்துல இருக்கற ஆக்சிஜனோட சேர்ந்து இறுகுது. டர்பன்டைன் கலரை இளக்கவும் பிரஷ் கழுவவும்தான்.

முதல் பூச்சை ட்யூப்ல வர்ற பதத்துலயே மெல்லிசா தேய்ச்சு விடுங்க, எண்ணெய் சேர்க்காதீங்க. மேல் பூச்சுக்கு மட்டும் துளி லின்சீட். கீழ எண்ணெய் கூடி மேல குறைஞ்சா, பின்னால வெடிப்பு விடும். பிரஷ்ஷை லின்சீட்லயே அலசித் துடைச்சு, சோப்பு போட்டுக் கழுவுங்க. சிலர் தேங்காய் எண்ணெயில அலசறாங்க, வேண்டாம். அது காயாத எண்ணெய். மயிர்ல தங்கினா அடுத்த படமும் காயாம இழுக்கும்.

வாசனையில்லாத தின்னர்னு கடையில தருவாங்க. மூக்குக்குத் தெரியாதே தவிர ஆவி இருக்கும். வீசிங் பிள்ளை இருக்கற வீட்டுக்கு அதுவும் வேண்டாம்.

தீயணைப்பு_முன்னாள்:
எல்லாம் சரி, ஒண்ணை விட்டுட்டீங்க. லின்சீட் துடைச்ச துணியைச் சுருட்டி மூலையில போடாதீங்க ஐயா. அந்த எண்ணெய் இறுகும்போது சூடு கிளம்பும். சுருட்டின துணிக்குள்ள அது வெளியேற வழியில்லாம தானாவே தீப்பிடிக்கும். தகர ஷெட்டுன்னா கேக்கவே வேண்டாம். தண்ணில முக்கி மூடியுள்ள தகர டப்பாவுல போடுங்க, இல்ல கொடியில ஒத்தையா விரிச்சுக் காயவிடுங்க.

காரிமங்கலம் பையன்:
சார், எங்க ஊர்லதான் ஆலம்பாடி மாட்டின ஆராய்ச்சி நிலையம் இருக்கு. எங்க தாத்தா ஒரு ஜோடி வெச்சிருந்தார், போட்டோகூட கிடையாது. நானும் வரையப் பாக்கறேன், கொம்புதான் வரவே மாட்டேங்குது. தண்ணில கரையற ஆயில் கலர்னு ஒண்ணு வருதே, அது உங்களுக்கு ஆகாதா?

பென்னாகரத்தான்:
எல்லாருக்கும் நன்றி. தண்ணில கரையற ஆயிலை ஒரு ட்யூப் மட்டும் வாங்கிப் பாக்கலாம், முழு செட்டுக்குப் பென்ஷன் தாங்காது. துணி சமாச்சாரத்தைப் படிச்சதுமே வீட்டம்மா ஷெட்டைக் கூட்டிப் பெருக்கி, பிஸ்கட் டப்பா ஒண்ணைத் தண்ணியோட வெச்சுட்டாங்க. அக்ரிலிக் ட்யூபெல்லாம் பேத்திக்குப் போயாச்சு, கோழி வரையறா.

தம்பி, கொம்பைத் தனியா வரையாதே. நெத்தியை முதல்ல பிடி; குறுகலா, எடுப்பா இருக்கும். அங்க ரெண்டு கொம்பும் நெருக்கமாக் கிளம்பி, பின்னால சாஞ்சு வளையும். அடிக்கட்டையை அகட்டி வெச்சா வேற மாடு ஆயிடும். நீ வரைஞ்சதை இங்க போடு, பாத்துச் சொல்றேன்.