பாக்கெட் ஆழம் குறைவாக இருந்தும் ஈறுநோய் முற்றியிருக்குமா?

கேள்வி: பல் சுகாதாரப் பட்டயப் படிப்பு மாணவி

வணக்கம். இரு நோயாளிகளின் அளவீடுகளை ஒப்பிட்டதில் எனக்குக் குழப்பம் ஏற்பட்டுள்ளது. முதலாமவர் இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் உட்கொள்பவர். ஈறு வீங்கிப் பல்லின் மேல் ஏறியிருக்கிறது, பாக்கெட் (ஈற்றுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள பள்ளம்) ஆழம் 5 மி.மீ. இரண்டாமவர் நாளொன்றுக்குப் பத்துக்கு மேல் சிகரெட் புகைப்பவர்; ஈறு 4 மி.மீ. இறங்கியிருக்கிறது, ஆனால் பாக்கெட் 3 மி.மீ. மட்டுமே, புரோப் (ஆழம் அளக்கும் மெல்லிய கருவி) பட்டபோது இரத்தமும் கசியவில்லை. இருந்தும் இரண்டாமவருக்கே நோய் முற்றியுள்ளது என்று ஆசிரியர் கூறினார். இது எப்படி?

பதில் 1: ஈறுநோய்ப் பிரிவு மருத்துவர்

பாக்கெட் ஆழம் ஈற்றின் விளிம்பிலிருந்து அளக்கப்படுகிறது. அந்த விளிம்போ வீங்கினால் ஏறும், சுருங்கினால் இறங்கும். எனவே எலும்பும் இணைப்புத் திசுவும் எவ்வளவு அழிந்துள்ளன என்பதை அறிய, எனாமலும் வேரின் சிமென்டமும் சந்திக்கும் இடம்பெயராத கோட்டிலிருந்து பாக்கெட்டின் அடிவரை உள்ள தொலைவைக் கணக்கிடுகிறோம். இதுவே பற்றிழப்பு. ஈறு அக்கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் இறக்கத்தைப் பாக்கெட் ஆழத்துடன் கூட்ட வேண்டும். மேலே ஏறியிருந்தால் ஏறிய அளவைக் கழிக்க வேண்டும். இரண்டாமவருக்கு 3, 4 ஆகியவற்றைக் கூட்டினால் 7 மி.மீ. முதலாமவரின் ஈறு அக்கோட்டைத் தாண்டி 5 மி.மீ. ஏறியிருந்தால் அவருக்கு இழப்பே இல்லை; அது வீக்கத்தால் தோன்றிய பொய்ப் பாக்கெட்.

ஒன்றைக் கேட்க வேண்டும்: அந்த 4 மி.மீ. இறக்கத்தை எங்கே அளந்தீர்கள்? கன்னப் பக்கத்தில் மட்டும் என்றால், அழுத்தித் தேய்க்கும் பழக்கத்தாலும் அது வரலாம். 2018இல் வெளியான சர்வதேச வகைப்பாடு, அடுத்தடுத்து அமையாத இரண்டு பற்களிலாவது பல்லிடைப் பகுதியில் பற்றிழப்பு இருக்கிறதா என்றே முதலில் பார்க்கச் சொல்கிறது. அங்கே 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் நோயின் கடுமையைக் குறிக்கும் நான்கு நிலைகளில் மூன்றாம் நிலையோ நான்காம் நிலையோ ஆகும்.

கேள்வி கேட்டவர்

பல்லிடைப் பகுதியில்தான் அளந்தோம், ஐயா. கடைவாய்ப் பற்கள் சிலவற்றில் அப்படியே இருந்தது. அழற்சி இருந்தால் இரத்தம் கசியும் என்றுதானே படித்தோம்?

பதில் 2: பணியிலுள்ள பல் சுகாதாரர்

அந்த விதி புகைப்பவர்களிடம் ஏமாற்றிவிடும். புகையிலை ஈற்றின் இரத்தக் கசிவை மட்டுப்படுத்துவதால், உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும்போதே ஈறு வெளிறி, இறுகி, நலமாக இருப்பதுபோல் தோன்றும். நாளொன்றுக்குப் பத்து சிகரெட்டும் அதற்கு மேலும் என்றால், நோய் விரையும் வேகத்தைக் குறிக்கும் தரவரிசையில் அவர் மிக விரைவானதைக் குறிக்கும் சி தரத்துக்குச் சென்றுவிடுவார்.

முதலாமவரின் ஈறு வீக்கத்துக்கு அம்லோடிபின் காரணமாக இருக்கலாம் என்றாலும், மாத்திரையை நிறுத்தும்படி அவரிடம் நாம் சொல்லலாகாது. மாற்று மருந்து குறித்துப் பல் மருத்துவர்தான் அவருடைய மருத்துவரிடம் பேச வேண்டும். பிளேக்கை (பல்லில் படியும் கிருமிப் படலத்தை) கட்டுக்குள் வைத்தாலே வீக்கம் ஓரளவு தணியும். எலும்பைத் தொடாத அழற்சி மீளக்கூடியது என்பதை 1965இல் ஈறுநோய் ஆய்வாளர் லோவும் அவருடன் பணியாற்றியவர்களும் காட்டினர்: பல் துலக்குவதை நிறுத்தியவர்களுக்கு மூன்று வாரத்துக்குள் ஈறு அழற்சி தோன்றியது, மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் மறைந்தது. இரண்டாமவர் இழந்த எலும்பு அவ்வாறு தானாகத் திரும்பாது.

அவர் புகைப்பதை விட்டால், சில வாரங்களில் ஈற்றில் இரத்தம் கசிவது கூடலாம். அதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள். இல்லையெனில், விட்டதால்தான் கெட்டது என்று எண்ணி மீண்டும் பற்றவைத்துவிடுவார்.