ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் கேரவனில் தங்கியவர்களே, மறக்க முடியாத அந்த ஒரு இரவைச் சொல்லுங்கள்

கொழுந்துமலையான்

போன மாசியில் நடந்தது. இன்னும் மனதை விட்டுப் போகவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

பட்டிப்பொல ஸ்டேஷனைத் தாண்டி பூங்காக் கேட்டுக்குப் போகும் வழியில், மரக்கறித் தோட்டத்துக்குள் ஒரு கேம்ப். மூன்று வண்டி நிற்கலாம். ஒரு கக்கூஸ், ஒரு பைப், அவ்வளவுதான். எங்களுடையது கொழும்பில் வாடகைக்கு எடுத்த கேரவன், பழைய வேனுக்குள் கட்டிலும் காஸ் அடுப்பும் பொருத்தியது. நான், மனைவி, மகன், அம்மா. காலை 6 மணிக்குக் கேட் திறந்ததும் உள்ளே போய், மூடுபனி ஏறுவதற்கு முன் 'உலக முடிவு' என்கிற செங்குத்து மலை விளிம்பைப் பார்த்துவிட வேண்டும் என்று திட்டம். 10 மணிக்குப் போனால் அந்த 870 மீற்றர் பள்ளத்தில் வெள்ளைச் சுவர்தான் தெரியும், போனவர்களுக்குத் தெரியும்.

இரவு, நுவரெலியாவில் வாங்கிய சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டோம். குளிர் தாங்கவில்லை. குப்பையை ஒரு ஷொப்பிங் பேக்கில் கட்டி, படிக்குக் கீழே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

இரண்டு மணி இருக்கும். வேன் ஒருமுறை ஆடியது. கண்ணாடியில் படிந்திருந்த நீரைத் துடைத்துவிட்டு டோர்ச் அடித்தேன். மரை. கை நீட்டினால் தொடும் தூரத்தில் அந்தப் பெரிய மான். நல்ல ஆண், கொம்பு வேன் கூரைக்குச் சமமாக நின்றது. இடது காது நடுவில் கிழிந்து இரண்டாகத் தொங்கியது. வாயில் எங்கள் லஞ்ச் ஷீட், சோறு சுற்றியிருந்த பொலித்தீன் தாள். பருப்பின் மஞ்சள் ஒட்டிய பாதி வெளியே, மற்றப் பாதி உள்ளே. தாடை பக்கவாட்டில் மெல்ல அசைய அசைய, ஷீட் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. அம்மா எழுந்து உட்கார்ந்து, "தட்டுடா, வெரட்டுடா" என்றார். நான் தட்டவில்லை. மகன் அந்தக் கண்ணாடி ஓரமாகத்தான் படுத்திருந்தான், கொம்பைத் திருப்பினால் என்ன ஆகும் என்று பயம். கடைசி மூலை உள்ளே போகும் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கேட்டில் பையைத் திறந்து பொலித்தீனை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, தண்ணீர்ப் போத்தலின் லேபலைக்கூட உரித்துவிட்டுத்தானே உள்ளே விடுகிறார்கள். விடிந்ததும் ஒரு அதிகாரி என் போத்தல் லேபலை உரித்தபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா? அந்த மரை பிழைத்திருக்குமா?

வலிகாமத்தாள்

மரை பற்றி எனக்குத் தெரியாது. எனக்கு நுவரெலியாவில் இருந்து கம்பளைக்கு இறங்கும் ரம்பொடை ரோட்டுத்தான் இன்னும் கனவில் வருகிறது.

ஏறும்போது ஒரு பிரச்சினையும் இல்லை. சமவெளி, அம்பேவெல, ஹக்கலை எல்லாம் பார்த்துவிட்டு இறங்கும்போதுதான். ஆறு பேர், தண்ணீர்த் தாங்கியும் நிறைய. நீர்வீழ்ச்சி வளைவு தாண்டியதும் கருகின மணம் வந்தது. ஆரோ குப்பை எரிக்கினம் என்று நினைத்தேன். பிறகு என் கணவர் மெதுவாக, "பிரேக் பிடிக்குதில்லை" என்றார். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. மலைப்பக்கக் கானோடு உரசி உரசி ஒருவாறு நிறுத்தினார்.

நாங்கள் இறங்குவதற்குள் பின்னால் வந்த தேயிலைக் கொழுந்து லொறி நின்றது. டிரைவர் குதித்து வந்து முன் சில்லுக்குக் கல் வைத்துவிட்டார். சில்லில் இருந்து நீலமாகப் புகை. என் தம்பி போத்தல் தண்ணீரைக் கொண்டு ஓடினான். அவர் அவன் மணிக்கட்டைப் பிடித்து, "ஊத்தாதீங்க தம்பி, சூட்டுல வெடிச்சிரும். தானா ஆறட்டும்" என்றார். முக்கால் மணித்தியாலம் எங்களோடு நின்றார். லொறியில் கொழுந்து சூடேறினால் பெக்டரியில் ஏச்சு விழும் என்றும் சொன்னார், ஆனால் போகவில்லை. எந்தக் கியரில் ஏறினீர்களோ அந்தக் கியரில்தான் இறங்க வேண்டும், பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வரக்கூடாது என்று சொல்லி, எனது கணவரைப் பக்கத்தில் இருத்தி, அடுத்த நான்கு வளைவையும் தானே இரண்டாம் கியரில் ஓட்டிக் காட்டினார். பிறகு நடந்தே மேலே ஏறி லொறிக்குப் போனார்.

அவரின் பெயரைக் கேட்காமல் விட்டோம். கம்பளை வந்த பிறகுதான் அது உறைத்தது.

ஒஹியக்காரி

கொழுந்துமலையான் அண்ணா, கோபிக்காதீர்கள், எனக்கு மனம் கேட்கவில்லை. நீங்கள் தட்டியிருந்தாலும் அது ஷீட்டோடுதான் ஓடியிருக்கும். இரவு குப்பையைப் படிக்குக் கீழே வைத்தீர்களே, அங்கேதான் பிழை. பூங்காவுக்குள் ஃபார் இன் கட்டடத்துப் பக்கத்து வாகனத் தரிப்பிடத்தில் வருகிறவர்கள் எல்லாம் பாண் கொடுத்து, பிஸ்கட் கொடுத்துப் பழக்கியதால், வேன் என்றால் சாப்பாடு என்று மரைகளுக்குத் தெரிந்துவிட்டது. செத்த மரைகளின் வயிற்றில் பொலித்தீன் எடுத்திருக்கிறார்கள். லஞ்ச் ஷீட்டை 2017இலேயே தடை செய்தார்கள், ஆனாலும் சோற்றுக் கடையில் அதில்தான் சுற்றித் தருகிறார்கள். நாம் வேண்டாம் என்று சொன்னால்தானே.

என் கதை சின்னது. எங்கள் சித்தப்பா குடும்பம் கேரவனில் வந்து எங்கள் வீட்டுக்கு மேலே நிறுத்தியிருந்தது. தை மாதம், புல்லில் உறைபனி விழுகிற காலம். காலையில் தேத்தண்ணி கொண்டு போனேன். கதவைத் திறந்ததும் சூடான காற்று முகத்தில் அடித்தது. காஸ் அடுப்பு இரண்டும் நீலமாக எரிந்துகொண்டிருந்தன. தங்கச்சியைத் தட்டுகிறேன், கண்ணைத் திறக்கிறாள், என்னை அடையாளம் தெரியவில்லை. வெளியே இழுத்துப் புல்லில் கிடத்தினோம். அரை மணித்தியாலம் கழித்துத்தான் என் பெயரைச் சொன்னாள். அந்த அரை மணித்தியாலம் என் வாழ்க்கையில் இனி வரக்கூடாது.

இதை வாசிக்கிற எல்லாரும் தயவுசெய்து கேளுங்கள். குளிருக்கு வேனுக்குள் காஸ் அடுப்பை எரிய விடாதீர்கள். கரி அடுப்பை உள்ளே கொண்டுபோகவே போகாதீர்கள், வெளியே எரித்து முடித்த தணலையும்தான். மூடின இடத்தில் காற்று குறையக் குறைய கார்பன் மொனொக்சைட் வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. முதலில் தலையிடி, பிறகு வாந்தி, பிறகு நித்திரை. மலை ஏறிய களைப்பு என்று நினைத்துப் படுத்துவிடுவீர்கள். சமைக்கும்போது கதவையும் எதிர்ப்பக்கக் கண்ணாடியையும் திறந்து வையுங்கள். சமைத்து முடிந்ததும் சிலிண்டர் வாயிலேயே மூடுங்கள். படுக்கும்போதும் கண்ணாடியை இரண்டு விரல் அளவு திறந்து விடுங்கள், குளிர் வரும், வரட்டும். சுடுதண்ணீர்ப் போத்தலை ஒரு சொக்ஸுக்குள் போட்டுக் காலடியில் வைத்தால் நாலைந்து மணித்தியாலம் சூடு நிற்கும். கம்பளியை மேலே போடுவதைவிடக் கீழே விரிப்பது முக்கியம், குளிர் தகரத்தில் இருந்துதான் ஏறும். பிள்ளைகளுக்குத் தொப்பி போட்டுப் படுக்க வையுங்கள். ஈர உடுப்பை உள்ளே காய விடாதீர்கள், விடியும்போது கூரையில் இருந்து சொட்டும்.

கொழுந்துமலையான்

கோபம் இல்லை தங்கச்சி. நீங்கள் சொல்வது சரி. அம்மாவும் அதையேதான் சொன்னார். முப்பது வருடம் கொழுந்து பறித்தவர், மலையில் சாப்பிட்டுவிட்டு ஒரு கடதாசியைக்கூடக் கீழே போட மாட்டார், மடித்து மடியில் சொருகிக்கொண்டு வருவார். அன்றைக்கு நான் பையைக் கீழே வைத்ததை அவர் பார்க்கவில்லை.

பனிநாட்டுப் பறவை

நான் கிளிநொச்சி, இப்போது கனடாவில். அங்கே கோடையில் அல்கோங்குவின் பூங்காவுக்கு மோட்டர்ஹோமில் போவோம். மின்சாரம் கொடுக்கத் தூண் இருக்கும், கழிவுநீர் ஊற்றத் தனி இடம் இருக்கும், குழாயைச் சொருகித் திறந்தால் வேலை முடிந்தது. அந்தப் பழக்கத்தோடு ஊருக்கு வந்து ஒரு கேரவன் எடுத்தேன்.

மூன்றாம் நாள் சிங்க்கின் கழிவுத் தாங்கி நிரம்பிவிட்டது. ஹோர்ட்டன் சமவெளியில் இருந்து இறங்கும் வழியில் ரோட்டோரம் ஒரு ஓடை. சவர்க்காரத் தண்ணீர்தானே என்று வாளியில் பிடித்துக்கொண்டு போனேன். மேலே தேயிலைக்குள் இருந்து ஒரு அம்மா, முதுகில் கூடையோடு, விழுந்தடித்து இறங்கி வந்தார். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சீலை முட்கம்பியில் மாட்டிக் கிழிந்தது, அவர் திரும்பியும் பார்க்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு, "தம்பி, அதுல ஊத்தாதீங்க. கீழ எங்க லயத்து வீடுகளுக்குக் குடிக்கிற தண்ணி இதுதான்" என்றார்.

அவர் கை காட்டிய இடத்தில், ஓடைக்குள் ஒரு கறுப்புக் குழாய், வாயில் துணி கட்டி, கல் வைத்து அமர்த்தியிருந்தது. ஐந்தடி தூரத்தில். நான் அதைக் காணவே இல்லை. காட்டு ஓடை என்று நினைத்தேன். மகாவலி, களனி, வளவை மூன்றும் அந்தச் சமவெளியில்தான் ஊற்றெடுக்கின்றன என்று மகளுக்கு அன்று காலையில்தான் பெருமையாகச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

வாளியை வேனுக்கே திருப்பிக் கொண்டுபோனேன். அந்த அம்மா ஒன்றும் ஏசவில்லை. கிழிந்த சீலையைப் பார்த்துவிட்டு மேலே ஏறிப் போனார். காசு கொடுக்கலாமா என்று யோசித்து, அவமதிப்பாகிவிடுமோ என்று கொடுக்காமல் விட்டேன். அது சரியா பிழையா என்று இன்றைக்கும் தெரியாது.

ஊவா மைனா

பனிநாட்டுப் பறவை, பிழை உங்களுடையது மட்டும் இல்லை. கேரவன் வாடகைக்குக் கொடுப்பவர் அதைச் சொல்லித் தர வேண்டும். எங்களுக்குத் தந்தவர் கழிப்பறைப் பெட்டியைக் "காட்டுக்குள்ள ஊத்துங்க, ஒன்னும் ஆகாது" என்றே சொன்னார். கேம்ப் பதிவு செய்யும்போதே கழிவுக்குக் குழி இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லை என்றால் போகாதீர்கள். பூங்காவுக்கு உள்ளே தங்க வேண்டும் என்றால் வனஜீவராசிகள் திணைக்களத்தில் முன்கூட்டியே பதிய வேண்டும், நினைத்த இடத்தில் வேனை நிறுத்திப் படுக்க முடியாது.

நான் பார்த்தது சிறுத்தை. விடியற்காலை 5 மணிக்குக் கேட்டுக்கு ஏறும் ரோட்டில், வெளிச்சத்தில் குறுக்கே நடந்தது, ஓடவில்லை. வால் நுனி மட்டும் மேலே வளைந்திருந்தது. பின்னால் வந்த வாகனம் ஹோர்ன் அடித்தது. அவ்வளவுதான், போய்விட்டது. அந்த ஹோர்ன் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

கம்பளை நானா

ஸலாம். வலிகாமத்தாள் சகோதரி சொன்ன ரோட்டில் நான் கிழமைக்கு இரண்டு தடவை போகிறவன். ஒட்டோ கியர் வண்டி எடுப்பவர்கள் D-யில் விட்டு இறங்கக்கூடாது, L என்கிற குறைந்த கியருக்கு மாற்ற வேண்டும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு நடந்தது ஹப்புத்தளைப் பக்கம், ஐப்பசி மழையில். நல்ல வியூ என்று வெட்டிய மண்சுவருக்குக் கீழே வேனை நிறுத்திப் படுத்துவிட்டோம். நடுச்சாமத்தில் கதவைத் தட்டும் சத்தம். ஒரு வயசான ஐயா, தலையில் உரச்சாக்கு, கையில் டோர்ச். "மொதலாளி, வண்டிய எடுங்க" என்றார். மழை விடட்டும், காலையில் எடுக்கிறேன் என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் டோர்ச்சை மண்சுவரின் அடியில் அடித்தார். மாலையில் தெளிவாக வடிந்துகொண்டிருந்த ஊற்று, பால் தேத்தண்ணி நிறத்தில் குமுறிக்கொண்டு வந்தது. "மீரியபெத்தையில என் தங்கச்சி வீடு" என்றார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 2014 ஒக்டோபர் 29, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டம். மண்சரிவில் லயங்கள் லயங்களாக மண்ணுக்குள் போன நாள்.

வண்டியை எடுத்துக் கோயில் முற்றத்தில் நிறுத்தினேன். அல்லாஹ் காப்பாற்றினான், அன்று மண் வரவில்லை. வரவில்லையே என்று என் மச்சான் அந்த ஐயாவைக் குறை சொன்னபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஊற்று கலங்குவது, மரம் சாய்வது, நிலத்தில் புது வெடிப்பு, இதெல்லாம் மலையில் இருப்பவர்களுக்குத் தெரிந்த அடையாளம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடும்போது உங்கள் பிரதேச செயலகத்தின் பெயர் இருக்கிறதா என்று படுக்க முன் பாருங்கள்.

ஒஹியக்காரி

கொழுந்துமலையான் அண்ணா கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. எங்கள் உருளைக்கிழங்குப் பாத்தி ஓரத்தில் மரைப் புழுக்கையில் சின்னச் சின்னப் பொலித்தீன் துண்டைப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் வெளியேறலாம். ஆனால் மரை அசைபோடும் மிருகம். பெரிய ஷீட் முதல் இரைப்பையிலேயே தங்கி, புல்லோடு சுருண்டு கட்டியாகிவிடும். வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், தின்னாது. உடனே சாகாது அண்ணா. ஒரு ஷீட் என்றால் ஒன்றும் ஆகாமலும் போகலாம்.

கொழுந்துமலையான்

நன்றி தங்கச்சி. இதை வாசித்துவிட்டு நேற்று அந்தக் கேம்ப் ஐயாவுக்குப் போன் எடுத்தேன். இடது காது கிழிந்த மரை இன்னும் வருகிறதா என்று கேட்டேன்.

"கோவாப் பாத்திக்கு வருது தம்பி, முந்தாநாளும் நாலு கோவாவத் தின்னுட்டுப் போயிருச்சு" என்றார். எனக்கு உடம்பெல்லாம் லேசானது.

அப்புறம் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "காது கிழிஞ்சது ரெண்டு இருந்துச்சு தம்பி. இப்ப ஒன்னுதான் வருது" என்றார்.