நிலா வரலாறு எடுக்கலாமா? எங்கள் குடும்பக் குழுவில் பேசியது (நிலா என் சித்தப்பாவின் மகள்)

நிலா: எல்லோருக்கும் ஒரு செய்தி. பட்டப்படிப்புக்கு வரலாறு எடுக்கலாம் என்று இருக்கிறேன். குழுவில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு விண்ணப்பம் போடு என்று அப்பா சொன்னார்.

சித்தப்பா: நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கணக்கிலும் நல்ல மதிப்பெண் வாங்குகிற பிள்ளை. மன்னர் பெயரையும் தேதியையும் மனப்பாடம் செய்ய மூன்று வருடம் எதற்கு என்பதுதான் என் கேள்வி.

அண்ணன்: தேதி வேண்டுமென்றால் போனிலேயே கிடைக்கும் சித்தப்பா. இப்போது ஏஐ கட்டுரையே எழுதித் தருகிறது.

சித்தி: குழுவில் வரலாறு படித்தவள் ஒருத்திதான். அவள் வரட்டும்.

நான்: இப்போதுதான் பார்த்தேன் சித்தி. சித்தப்பா, தேதியை மனப்பாடம் செய்யச் சொல்வது பள்ளிக்கூடத்தோடு முடிந்துவிடும். கல்லூரியில் "இந்தத் தேதி எப்படித் தெரிந்தது? யார் சொன்னது? அவரை ஏன் நம்ப வேண்டும்?" என்றுதான் கேட்பார்கள். மூன்று வருடமும் அந்தக் கேள்விதான்.

சித்தப்பா: புரியும்படி ஓர் உதாரணம் சொல்லம்மா.

நான்: அசோகரை எடுத்துக்கொள்வோம். அவருடைய கல்வெட்டுகளில் கி.மு. இத்தனை என்று எங்கும் இருக்காது. "நான் முடிசூடி இத்தனையாவது ஆண்டு" என்றுதான் இருக்கும். முடிசூடியது எப்போது என்று தெரியாவிட்டால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. 1837இல் ஆங்கிலேய அறிஞர் ஜேம்ஸ் பிரின்செப், அந்தக் கல்வெட்டுகளில் இருக்கும் பிராமி எழுத்தைப் படித்துக் காட்டிய பிறகும் இந்தச் சிக்கல் இருந்தது. அதை அவிழ்க்க உதவியது 13ஆம் பாறைக் கல்வெட்டு. அதில் அயல்நாட்டு மன்னர்கள் ஐந்து பேரின் பெயர் வருகிறது. சிரியாவின் அந்தியோகஸ், எகிப்தின் தாலமி, மாசிடோனியாவின் அந்திகோனஸ், சிரீனின் மகஸ், அப்புறம் ஓர் அலெக்சாண்டர். இவர்கள் எப்போது ஆண்டார்கள் என்பது கிரேக்கச் சான்றுகளிலிருந்து தெரியும். ஐந்து பேரும் ஒரே சமயத்தில் அரியணையில் இருந்த சில ஆண்டுகளைத் தேடினால் கி.மு. 250களில் வந்து நிற்கும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணித்தான் அசோகர் காலத்தைக் கணித்தார்கள். அந்த அலெக்சாண்டர் எப்பிரஸ் மன்னரா, கொரிந்தை ஆண்டவரா என்று இன்றைக்கும் வாதம் நடக்கிறது.

நிலா: அக்கா, இது பாடப்புத்தகத்தில் இல்லவே இல்லை!

நான்: இன்னும் இருக்கிறது கேள். கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் நாடு கடத்தப்பட்டார்கள், அதற்காக வருந்துகிறேன் என்று அவர் சொல்வதும் இதே 13ஆம் கல்வெட்டில்தான். ஆனால் கலிங்கத்துக்குள்ளேயே இருக்கிற தௌலியிலும் ஜௌகடாவிலும் அந்தக் கல்வெட்டு கிடையாது. 11, 12, 13 மூன்றையும் அங்கே விட்டுவிட்டு வேறு இரண்டு ஆணைகளைப் பொறித்திருக்கிறார்கள். யாரையும் காரணமில்லாமல் சிறையில் அடைக்காதீர்கள், துன்புறுத்தாதீர்கள், மக்கள் எல்லோரும் என் பிள்ளைகள் என்று அந்த ஊர் அதிகாரிகளுக்குச் சொல்கிற ஆணைகள். வருத்தம் தெரிவித்தவர், அடிபட்ட மக்கள் கண்ணில் படும் இடத்தில் மட்டும் அதை ஏன் எழுதவில்லை?

சித்தி: ஏன்?

நான்: உறுதியான விடை இல்லை சித்தி. தோற்றவர்களிடம் தோல்வியை நினைவூட்ட விரும்பாமல் இருந்திருக்கலாம். அங்கே அதிகாரிகளைக் கட்டுப்படுத்துவதுதான் அவசரத் தேவையாக இருந்திருக்கலாம். வருந்துகிற அதே கல்வெட்டில் காட்டில் வாழும் மக்களைப் பார்த்து, எனக்குத் தண்டிக்கும் வலிமை உண்டு என்ற எச்சரிக்கையும் வருகிறது. அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். உனக்கு எது சரி என்று படுகிறதோ அதைச் சான்று காட்டி நிறுவு, எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதையும் எழுது என்பார்கள். இப்படி ஒரு கட்டுரை எழுத ஒரு வாரம் வாசிக்க வேண்டும். எனக்கு இந்தப் படிப்பிலேயே மிகவும் பிடித்தது அந்த வாரங்கள்தான்.

பெரியப்பா: அருமை. பழங்காலத்து மன்னர் ஒருவர் பல லட்சம் பேர் கொண்ட படையோடு போனார் என்று காலையில் குழுவில் ஒரு செய்தி வந்ததே, அதை எப்படிச் சோதிப்பது?

நான்: இந்தக் கேள்வியை இப்னு கல்தூன் என்ற அரபு வரலாற்றாசிரியர் 1377லேயே கேட்டுவிட்டார் பெரியப்பா. இஸ்ரவேலரின் தலைவர் மோசேயின் படையில் 6 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள் என்று பழைய ஆசிரியர்கள் எழுதியிருந்தார்கள். அவர் அதை அப்படியே ஏற்கவில்லை. அத்தனை பேருக்கு அந்த நாடு சோறு போட முடியுமா, அணிவகுத்து நின்றால் வரிசை எவ்வளவு தூரம் போகும், ஒரு முனையில் நடப்பது மறுமுனைக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். நீங்கள் சொன்ன செய்தியிலும் அதே கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். கூடவே, அந்த எண்ணை முதலில் எழுதியவர் யார், அந்த மன்னருக்கு எத்தனை ஆண்டு கழித்து எழுதினார் என்பதையும்.

பெரியப்பா: சரிம்மா. அனுப்பியவரிடமே கேட்கிறேன்.

அண்ணன்: இதெல்லாம் ஏஐயும் செய்துவிடாதா? எதிர்ப்பதற்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

நான்: தேடவும் தொகுக்கவும் உதவும் அண்ணா. ஆனால் கையில் இருக்கும் சான்றே போலியாக இருந்தால்? 1983இல் ஜெர்மனியின் ஷ்டெர்ன் இதழ் ஹிட்லரின் நாட்குறிப்புகள் கிடைத்துவிட்டன என்று அறிவித்தது. ஹியூ ட்ரெவர்-ரோப்பர் போன்ற பெரிய வரலாற்றாசிரியரே முதலில் உண்மையானவை என்று சொல்லி, பிறகு சந்தேகப்பட்டார். கையெழுத்து நிபுணர்களும் பொருந்துகிறது என்றார்கள். ஒப்பிடுவதற்கு அவர்களிடம் கொடுத்த மாதிரிகளிலேயே சில, அதே போலியாளர் கொன்ராட் குஜாவ் எழுதியவை! இரண்டே வாரத்தில் ஜெர்மனியின் அரசு ஆவணக்காப்பகம் உண்மையைச் சொல்லிவிட்டது. அந்தத் தாளில் இருந்த வெண்மையூட்டும் வேதிப்பொருள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் புழக்கத்துக்கு வந்தது. சான்று யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று முதலில் கேட்கிற பழக்கம் வர வேண்டும். அதற்குத்தான் இந்தப் பயிற்சி.

அத்தை: நீதிமன்றத்தில் நாங்கள் தினமும் செய்வது இதுதான். ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு சாட்சி, இரண்டு கதை. எது எங்கே முரண்படுகிறது என்று பார்க்கத் தெரிய வேண்டும். என்னிடம் வந்த ஜூனியர்களில் வரலாறு படித்தவர்கள் கட்டுக்கட்டான கோப்பைக் கண்டு மிரளமாட்டார்கள்.

சித்தப்பா: அப்படியானால் வேலை?

நான்: இதில் மறைக்க எதுவும் இல்லை சித்தப்பா. பட்டம் வாங்கியதும் "வரலாற்றாசிரியர்" என்று வேலை காத்திருக்காது. சட்டம், பத்திரிகை, ஆட்சிப்பணித் தேர்வு, பதிப்பகம், ஆசிரியப் பணி எதற்கும் போகலாம், பெரும்பாலும் அதற்கான மேற்படிப்போ பயிற்சியோ சேர்த்து. ஆவணக்காப்பகம், அருங்காட்சியகம் என்றால் பெரும்பாலும் தனிப் படிப்பு கேட்பார்கள். பேராசிரியர் ஆவது நீண்ட வழி, முனைவர் பட்டம் முடித்த பிறகும் இடங்கள் குறைவு. உடனே நல்ல சம்பளம் என்பது மட்டுமே நோக்கம் என்றால் இந்தப் படிப்பு வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன்.

சித்தி: நேராகச் சொன்னாயே, நன்றி.

நிலா: எனக்கு வாசிக்கப் பிடிக்கும் அக்கா. ஆனால் பழைய மொழி ஏதாவது தெரிய வேண்டுமா?

நான்: சேரும்போது தேவையில்லை. பண்டைய காலத்தில் ஆய்வு செய்ய நினைத்தால் பின்னால் கட்டாயம் வேண்டும். அசோகருக்குப் பிராகிருதம், முகலாயருக்குப் பாரசீகம். மொழிபெயர்ப்பை மட்டும் நம்பினால் மொழிபெயர்த்தவர் போட்ட எல்லைக்குள்ளேயே நிற்க வேண்டிவரும். சீக்கிரம் தொடங்கினால் நல்லது. கணக்கும் வீண் போகாது. பொருளாதார வரலாறு, மக்கள்தொகை வரலாறு எல்லாம் அட்டவணையும் எண்களும்தான்.

சித்தப்பா: கணக்கு பயன்படும் என்றதும் மனசு கொஞ்சம் இறங்கியது. கல்லூரியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

நான்: பாடத்திட்டத்தைத் திறந்து பாருங்கள். வரலாற்றெழுதியல், அதாவது வரலாற்றை யார் எப்படி எழுதினார்கள் என்று ஆராய்கிற ஒரு தாள் இருக்கிறதா? கடைசி ஆண்டில் மூலச் சான்றுகளை வைத்து ஆய்வேடு எழுதச் சொல்கிறார்களா? இது இரண்டும் இல்லையென்றால் யோசியுங்கள். நூலகம் எப்படி, மாணவர்களை ஆவணக்காப்பகத்துக்கு அழைத்துப் போகிறார்களா என்றும் அங்கே படிக்கிறவர்களிடம் கேளுங்கள். மன்னர் வரிசை மட்டுமே இருக்கிற பாடத்திட்டத்தில் நிலா சலித்துப்போவாள்.

நிலா: நான் குறித்து வைத்த மூன்று கல்லூரிகளில் ஒன்றில் ஆய்வேடு இல்லை. இப்போதுதான் பார்த்தேன்.

சித்தப்பா: அதை எடுத்துவிடு. மற்ற இரண்டின் பாடத்திட்டத்தையும் எனக்கு அனுப்பு, இன்று இரவே பார்க்கிறேன்.

நிலா: அனுப்பிவிட்டேன் அப்பா. அக்கா, அந்த 13ஆம் கல்வெட்டின் முழு மொழிபெயர்ப்பு இருந்தால் அனுப்பேன்.

நான்: தௌலி ஆணைகளையும் சேர்த்தே அனுப்புகிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படி.